அப்பாயம்மாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்த நாள்

போன மாதம் நஸீமா போன் செய்தாள். நான் இருபத்தாறு வருஷம் பார்த்த பியூன் வேலையில் இப்போது இருப்பவள். பியூன் என்று இப்போது சொல்வதில்லை, வேறு நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை அதேதான். ஊருக்கே பெயர் மாறிவிட்டது, எனக்கு இன்னும் போர்ட் பிளேர்தான்.

படகுத்துறைக் கமிட்டியைப் புதிதாகப் போடுகிறார்களாம். பாதிக் கூட்டம் இனிமேல் கம்ப்யூட்டர் திரையில் நடக்குமாம். மேஜையில் வைக்கிற பெயர்ப் பலகைகளைப் பழைய சாமானோடு கழிக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "கனிம்மா, பலகைக்குப் பின்னாடி மீனு, தேங்கா, படகுன்னு நீலப் பென்சில்ல வரைஞ்சிருக்கே, யாரு செஞ்ச வேலை?" என்று கேட்டாள். நான் செய்ததுதான் என்றேன். கொஞ்சம் தயங்கி, "உங்க சர்வீஸ் புக்குல சிவப்பு மையில ஒரு வரி இருக்குன்னு பேசிக்கிறாங்க, நிஜமா?" என்றாள்.

நிஜம்தான். ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவதை விட நானே எழுதிவிடுகிறேன். ஊழியர் சங்கத்து மலருக்கு வேண்டும் என்று அவளும் கேட்டாள். மூன்றாம் வகுப்புப் படிப்பு, மெதுவாகத்தான் வரும். ஆனாலும் சொந்தக் கையால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கியவர். அவர் தவறிப்போன பிறகு அந்த வேலைக்குப் பதிலாக எனக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். முதல் இரண்டு வருஷம் கூட்டினேன், தண்ணீர் பிடித்தேன், ஃபைல் சுமந்தேன், இந்தி கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் வரவில்லை. வராததற்கு வெட்கப்பட்டதும் இல்லை. எந்த ஃபைல் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். படித்தவர்கள் என்னிடம் வந்துதான் கேட்டார்கள்.

அச்சுதன் சார் எங்கள் பிரிவுக்கு அதிகாரியாக வந்த பிறகுதான் நான் வேலை செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் செய்ததெல்லாம் வீட்டு வேலை மாதிரி. மலையாளி. குரல் உயராது. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இரண்டு தடவை துடைத்தால் எதிரில் நிற்பவனுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

படகுத்துறை ஆலோசனைக் கமிட்டி அவர் கையில் இருந்தது. துறைகளில் எந்தப் படகு எங்கே நிற்கலாம், யார் எந்த நேரத்தில் ஏறி இறங்கலாம் என்று அந்தக் கமிட்டி சொல்லும், சர்க்கார் முடிவு செய்யும். அதற்கென்று ஒரு ரூல் உண்டு. அவர் அதை எனக்கு உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். பியூனுக்கு ரூலைப் படித்துக் காட்டிய அதிகாரி அவர் ஒருத்தர்தான். மொத்தம் பதினொரு பேர். சர்க்கார் ஆட்கள் நாலுக்கு மேல் கூடாது. மீதி ஏழு பேரில் ஒரே தொழில்காரர்கள் பாதிக்கு மேல் கூடாது. துறையை நம்பிப் பிழைக்கிற பெண்களில் ஒருத்தியாவது இருக்க வேண்டும். யார் பிழைப்பைத் தொடும் பேச்சோ, அவர்கள் ஆள் இல்லாமல் அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. ஏழு நாள் முன்னால் நோட்டீஸ் அந்த ஆள் கைக்கே போக வேண்டும், பியூன் புக்கில் கையெழுத்தோ ரேகையோ வாங்க வேண்டும்.

"இதுல உன் வேலை எதுன்னு தெரியுதா?" என்று கேட்டார்.

"கடைசி வரி" என்றேன். தலையை ஆட்டினார்.

கூட்டத்துக்கு அரை மணி முன்னால் வெறும் ஹாலுக்குள் அவரும் நானும் மட்டும் போவோம். ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் தொட்டு, பெயரைச் சொல்லாமல், தென்னந்தோப்பு, டூரிஸ்ட் படகு, வெளித்தீவு, மீன் என்று பிழைப்பைச் சொல்லி எண்ணுவார். நான் பின்னாலேயே போய்ப் பலகையை வைப்பேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது என்பதால் பலகையின் பின்பக்கம் படம் போட்டு வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் உன் பக்கத்துல இருந்து பார்த்தா நல்லாருக்கும்" என்றார். பிறகு போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். நான் தலைவர் இடத்தில் நின்று ஏதாவது பேச வேண்டும். எனக்கு என்ன பேசத் தெரியும்? "டீ வருது சார்" என்பேன். "கேக்குது" என்பார். கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க அது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் இது உண்டு.

ஒருநாள் ஒரு மெம்பர் வரவில்லை. டீத் தட்டு போக வழியில்லை என்று அந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டேன். கூட்டத்தின் நடுவிலேயே அச்சுதன் சார் எழுந்து வந்து அதைத் தானே தூக்கிக்கொண்டு போய் இடத்தில் வைத்தார். முடிந்த பிறகு என்னிடம் சொன்னார்: "வராத ஆளோட நாற்காலியை எடுத்துட்டா அப்படி ஒரு ஆளே இல்லேன்னு ஆயிடும் கனி. காலியா இருக்கட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

அடுத்த தடவை கமிட்டியைப் புதிதாகப் போட்டபோது பெண் மெம்பர் இடத்துக்கு ஒரு பெயர் தயாராக வந்தது. டூரிஸ்ட் படகு முதலாளி சுந்தரம் இருந்தார், நம்ம தமிழ் ஆள்தான், நல்ல மனுஷன், யாரைப் பார்த்தாலும் சிரிப்பார். பெயர் அவருடைய சம்சாரத்தின் பெயர். மெயின்லாந்திலிருந்து வந்த எங்கள் பெரிய சாப், ரூல் பெண் வேண்டும் என்கிறது, பெண் இருக்கிறாள், அப்புறம் என்ன என்றார். அச்சுதன் சார் கண்ணாடியைத் துடைத்தார். "பெண்ணுன்னு மட்டும் ரூல்ல போடலை சார். துறையை நம்பிப் பிழைக்கிற பெண்ணுன்னு போட்டிருக்கு. அந்த அம்மா எந்தப் படியில கூடையை இறக்குறாங்க?" என்றார். அதோடு என்னை வண்டூருக்கு அனுப்பினார். அங்கே மீன் இறக்கும் பெண்கள் யார் பேச்சைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வர வேண்டும், யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாது.

காலையில் போய்த் துறையில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். மேற்குப் படி என்று அகலமான சிமெண்ட் படி ஒன்று உண்டு. மீன் படகுகள் அங்கேதான் அணையும். நாலைந்து மொழியில் கத்திக்கொண்டு பெண்கள் கூடையைத் தூக்குவார்கள். அதில் கட்டையாக, கறுப்பாக, வாயில் புகையிலையோடு ஒருத்தி. அவள் ஏதாவது சொன்னால் மற்றவர்கள் திட்டிக்கொண்டே செய்தார்கள். தெலுங்குக்காரி, அப்பாயம்மா. திரும்பி வந்து சொன்னேன். அவள்தான் மெம்பர் ஆனாள். மீன் பலகை அவளுடையது.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அச்சுதன் சார் லீவில் மெயின்லாந்து போயிருந்தார். திரும்பி வரும் கப்பல் தள்ளிப் போய்விட்டது. அந்த நேரத்தில் பெரிய சாப் கூட்டம் வைத்தார். பேச்சு ஒன்றே ஒன்று: வண்டூர் மேற்குப் படியை டூரிஸ்ட் படகுகளுக்கு மட்டும் ஒதுக்குவது. மீன் படகுகள் ஓடை வாய்க்குப் போக வேண்டும். அந்த ஓடை வாயை நான் பார்த்திருக்கிறேன். சேறு, சதுப்பு மரம், இடுப்பளவு தண்ணீர். முதலை உண்டு என்று சர்க்காரே போர்டு வைத்திருக்கிற இடம்.

பதினொரு நோட்டீஸ். பத்தை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டேன். வண்டூர் மட்டும் மீதி. காரணம் நிறையச் சொல்லலாம், சொல்ல மாட்டேன். மழை பெய்தது, நான் போகவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் மருந்து, கருவாடு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பஸ் கண்டக்டர் கையிலோ படகு ஆட்கள் கையிலோதான் போய்ச் சேரும். எதுவும் தொலைந்ததாக நான் கேட்டதில்லை. நோட்டீஸையும் வண்டூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து, அப்பாயம்மாவிடம் சேர்த்துவிடச் சொன்னேன். பியூன் புக்கில் அவள் பெயருக்கு நேரே ரேகை இல்லை. வெறும் கட்டம்.

கூட்டத்தன்றைக்கு ஹாலுக்கு நான் தனியாகத்தான் போனேன். நாற்காலியைத் தொட்டு எண்ணினேன். டீ வருது என்று சொல்லிப் பார்க்கவில்லை, கேட்க யாரும் இல்லை. பத்துப் பேர் வந்தார்கள். மீன் பலகைக்குப் பின்னால் யாரும் இல்லை. பெரிய சாப் என்னைப் பார்த்து, நோட்டீஸ் கொடுத்தாச்சா என்றார்.

"குடுத்தாச்சு சாப்" என்றேன்.

இருபத்தாறு வருஷத்தில் ஆபீசில் நான் சொன்ன பொய் அந்த ஒன்றுதான். கண்டக்டரிடம் கொடுத்தேனே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்கிறவர்கள் எல்லோருக்கும் அப்படி ஒன்று கையில் இருக்கும்.

காத்திருந்தார்கள். பெரிய சாபுக்கு அன்றைக்கே காகிதம் மேலே போயாக வேண்டும். அந்தப் பெண் இல்லாமல் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது என்று ஒரு அதிகாரி மெதுவாகச் சொன்னார். அப்போது சுந்தரம் சிரித்துக்கொண்டே, "நம்ம கனியக்கா உக்காரட்டுமே சாப். பொம்பளை, மீனும் வாங்குறாங்க, நேத்து சூரை மீனுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுனாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சாபும் சிரித்தார். அதே சிரிப்போடு அந்த நாற்காலியைக் காட்டி, "பைட்டோ" என்றார்.

உட்கார்ந்தேன். பயத்தில் உட்கார்ந்ததாகச் சொன்னால் அது முழு உண்மை இல்லை. அந்த நாற்காலிகளை அத்தனை வருஷம் துடைத்திருக்கிறேன், ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. டீயை வேறொருத்தன் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். நன்றாகத்தான் இருந்தது. பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகைத் தாள் சுற்றி வந்தபோது அவள் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த கையெழுத்து ஒன்றுதான். செல்லக்கனி என்று தமிழில் முழுசாகப் போட்டேன். அந்த மேஜையில் தமிழ் படிக்கிற ஆள் சுந்தரம் மட்டும்தான். அவர் தாளைப் பார்க்காமலே தள்ளிவிட்டார்.

ஐந்தாம் நாள் அச்சுதன் சார் வந்தார். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நேரே ஆபீசுக்கு வந்து மினிட்ஸைக் கேட்டார், வருகைத் தாளைக் கேட்டார், கடைசியில் பியூன் புக்கைக் கேட்டார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மலையாளிக்குத் தமிழ் எழுத்து கொஞ்சம் பிடிபடும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

"இது யாரு?" என்று விரலை வைத்தார்.

"நான்தான் சார்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் திட்டவில்லை. நடந்தது கூட்டமே இல்லை என்று எழுதி மேலே அனுப்பப் போவதாகச் சொன்னார். எழுதினால் ஏன் என்று கேட்பார்கள், என் பெயர் வரும், மெமோ வரும், வேலைக்கே கூட ஆபத்து வரலாம் என்றும் சொன்னார். "ரேகை இல்லேங்கிறதை மட்டும் வச்சும் எழுதிப் பாக்கலாம். நிக்குமான்னு தெரியாது. நாளைக்குக் காலையில சொல்லு" என்றார்.

மறுநாள் காலையில் நான் ஆபீசுக்குப் போகவில்லை. பியூன் புக்கோடு வண்டூர் பஸ் ஏறினேன்.

நோட்டீஸ் எங்கே போனது என்று முதலில் பார்த்தேன். கண்டக்டர் ஒழுங்காகத்தான் கொடுத்திருந்தான், துறைக்கு எதிரில் இருக்கும் டீக்கடையில். அப்பாயம்மா ஒரு சாவு வீட்டுக்காக வெளித்தீவு போயிருந்தாள். வந்ததும் கொடுக்கலாம் என்று கடைக்காரர் அதை பிஸ்கட் டின்னுக்கு அடியில் வைத்து மறந்தே போனார். டின்னைத் தூக்கினேன், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டு படிக்குப் போனேன்.

அவள் கூடை கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் கொடுத்து அனுப்பியது, பொய் சொன்னது, உட்கார்ந்தது, கையெழுத்துப் போட்டது. அவள் பேசியது இந்தியும் தெலுங்கும், எனக்கு நினைவிருப்பது தமிழில், அக்கா என்கிற தீதியைத் தவிர. கேட்டு முடிக்கும் வரை கூடையைக் கழுவுவதை நிறுத்தவில்லை.

"என் நாற்காலி எப்படி இருந்துச்சு தீதி? மெத்து மெத்துன்னு இருந்துச்சா?"

கழுவியதைத் தள்ளி வைத்து அடுத்த கூடையை எடுத்தாள்.

"டீ குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"நான் போனா அரை கப்புதான் ஊத்துவே நீ" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடை வாய்ப் பக்கம் கையைக் காட்டினாள். போன மாசம் தண்ணீர் குடிக்கப் போன அவள் வீட்டு நாயை முதலை அங்கேதான் இழுத்துக்கொண்டு போனதாம். "நாய் நாலு கால்ல ஓடும். நாங்க கூடையோட இடுப்புத் தண்ணியில நிக்கணும். உன் கையெழுத்து அங்க வந்து நிக்குமா?" என்றாள்.

அந்த ஈர நோட்டீஸை நீட்டினேன். அதையும் பியூன் புக்கையும் பார்த்தாள். ரேகை வைக்க மாட்டேன், கூட்டம் முடிந்த பிறகு வந்த நோட்டீஸுக்கு எதற்கு ரேகை, புதுசு கொண்டு வா என்றாள். சரியாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த ரூலை ஒருத்தர் உட்காரவைத்துப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அவளுக்குத் தேவைப்படவில்லை.

மத்தியானம் ஆபீசுக்கு வந்து ஒரு தாள் கேட்டேன். நானே எழுதினேன், தமிழில். 'நோட்டீஸை நான் நேரில் கொடுக்கவில்லை. பஸ்ஸில் கொடுத்து அனுப்பினேன். கொடுத்தாச்சு என்று சொன்னது பொய். அப்பாயம்மா நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். கையெழுத்து என்னுடையது.' அவ்வளவுதான். உட்காரச் சொன்னார்கள் என்பது தேவையா என்று அச்சுதன் சாரைக் கேட்டேன். நடந்ததா என்றார். நடந்தது என்றேன். அப்படியானால் இருக்கட்டும் என்று அதன் கீழேயே இங்கிலீஷில் மாற்றி எழுதினார்.

பெரிய சாப் இருவரையும் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அலுப்பாகத்தான் பேசினார். கமிட்டி சொல்வது வெறும் ஆலோசனை, முடிவு எப்படியும் மேலே, ஒரு கையெழுத்துக்காக இத்தனை காகிதமா என்றார். என் பக்கம் திரும்பி, இந்தத் தாளைத் திரும்ப எடுத்துக்கொள், உன் நல்லதுக்குச் சொல்கிறேன் என்றார். அவர் எனக்கு நல்லதுதான் நினைத்தார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அச்சுதன் சார் சொன்னார்: "ஆலோசனைதான் சார். யார்கிட்ட கேட்டோம்கிறது மட்டும்தான் அதுல இருக்கிற சரக்கு. அதுவும் இல்லேன்னா வெறும் காகிதம்."

பெரிய சாப் என்னையே பார்த்தார். "எடுத்துக்க மாட்டேன் சாப்" என்றேன்.

கூட்டம் செல்லாது என்று ஆனது. புது நோட்டீஸ் எழுதினார்கள். அன்றைக்கும் மழைதான். வண்டூர் போய்ப் படியில் நின்று அவள் கையிலேயே கொடுத்தேன். கட்டை விரலை என் மை டப்பாவில் தோய்த்து நன்றாக அழுத்தி வைத்தாள். அவள் மீன் கை, பியூன் புக்கில் அந்தப் பக்கம் ஒரு வாரம் நாறியது.

இரண்டாவது கூட்டத்துக்கு நானும் அச்சுதன் சாரும் ஹாலுக்குப் போனோம். டீ வருது சார் என்றேன், கேக்குது என்றார். அப்பாயம்மா வேலை முடிந்து நேரே வந்தாள், சேலை நுனியில் ஈரம். கப் விளிம்பு வரை ஊற்றினேன். அவள் கப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எடுத்துக் குடித்தாள்.

சுந்தரம்தான் ஆரம்பித்தார். காசு கொடுத்து வருகிற டூரிஸ்ட் காலையில் மீன் நாற்றத்தில் காலை வைக்க வேண்டுமா என்றார். "மத்தியானம் உங்க ஆளுங்க ஓட்டல்ல திங்கிற மீனு எந்தப் படியில ஏறி வந்துச்சு சுந்தரம் பாபு?" என்றாள். அவரே சிரித்துவிட்டார். அவள் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஓடை வாயைப் பற்றிச் சொன்னாள், நாயைப் பற்றிச் சொன்னாள். பெரிய சாப் அவளிடம், உங்களுக்குப் படி எத்தனை மணி வரை வேண்டும் என்று கேட்டார். அதற்கு முன்னால் அதை யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. ஒன்பது மணி போதும் என்றாள், அதற்குப் பிறகு படியைக் கழுவிக் கொடுப்பது எங்கள் பொறுப்பு என்றாள். டூரிஸ்ட் படகு ஒன்பதரைக்கு முன்னால் கிளம்புவதே இல்லை என்று சுந்தரம் ஒத்துக்கொண்டார். சச்சரவு அவ்வளவுதான். மேலேயும் அப்படியே முடிவானது. இன்றைக்கும் வண்டூர் மேற்குப் படி ஒன்பது மணி வரை மீன் படிதான். போய்ப் பார்க்கலாம்.

எனக்கு மெமோ வந்தது. வேலை போகவில்லை. சர்வீஸ் புக்கில் சிவப்பு மையில் ஒரு வரி ஏறியது. அதற்குப் பிறகு என்னோடு சேர்ந்தவர்களுக்குப் பதவி உயர்வு வந்தபோது எனக்கு வரவில்லை. அச்சுதன் சார் ரிட்டையர் ஆன அன்றைக்கு, அந்த வரி உன்னோடது மட்டும் இல்லை கனி, நான் ஊரில் இருந்திருக்க வேண்டும் என்றார். இல்லை சார், மழைக்குப் பயந்தது நான்தான் என்றேன்.

நான் ரிட்டையர் ஆவதற்கு ஆறு மாதம் இருக்கும்போது ஒரு நல்ல கிளார்க், மனு போட்டால் அந்த வரியை நீக்க வழியிருக்கிறது, நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து மட்டும் போடுங்கள் என்றான். போடவில்லை. பைத்தியம் என்று சில பேர் சொன்னார்கள்.

நஸீமாவிடம் இவ்வளவும் போனில் சொன்னேன். பலகைகளைக் கழிக்கவில்லை, துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன் என்றாள். போன வாரம் நடந்த முதல் திரைக் கூட்டத்தில் வராத ஆளுக்குத் திரையில் கட்டமே இல்லையாம். அதனால் ஹாலில் ஒரு நாற்காலியைப் போட்டு அந்த ஆளின் பலகையை அதன் முன்னால் வைத்தாளாம். சாப் முறைத்தாராம். எடுக்கச் சொன்னாரா என்று கேட்டேன். சொல்லவில்லையாம்.

அந்த மனுவை ஏன் போடவில்லை என்று அவளும் கேட்டாள். சர்வீஸ் புக்கில் மற்றதெல்லாம் சேர்ந்த தேதி, லீவு, சம்பளம். யார் வேண்டுமானாலும் அதற்குள் இருந்திருக்கலாம். அந்தச் சிவப்பு வரியில் மட்டும்தான் நான் இருக்கிறேன். மெமோவைப் பெற்றுக்கொண்டேன் என்று அதன் பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். செல்லக்கனி என்று முழுசாகப் போட்டேன், என் பெயருக்கு நேரே.